மலிவான காருக்கும் அதே கான்கிரீட் சுவர்தான்: ஷார்ட் டிராக் தொடக்க வகுப்புகளின் பாதுகாப்பு விதிகள்

அமெரிக்காவில் ஒரு மைலுக்குக் குறைந்த நீள்வட்டப் பந்தயத் தடங்களை ஷார்ட் டிராக் என்று அழைக்கிறார்கள். கோடை மாதங்களின் வார இறுதி இரவுகளில், அந்தந்த ஊர்க்காரர்கள் தாங்களே கட்டி எழுப்பிய ஸ்டாக் கார்களை, அதாவது சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களை, இத்தடங்களில் ஓட்டுகிறார்கள். தடத்தின் நீளம் பெரும்பாலும் கால் மைலிலிருந்து அரை மைல் வரை இருக்கும். ஒரே இரவில் நான்கைந்து வகுப்புகளுக்குத் தனித்தனியாகப் பந்தயம் நடக்கும். மேல்நிலையில் லேட் மாடல், மாடிஃபைட் போன்ற வகுப்புகள் இருக்கின்றன. கீழ்நிலையில் இருப்பவை ஊருக்கு ஊர் பெயர் மாறுகின்றன: ஸ்ட்ரீட் ஸ்டாக், பியூர் ஸ்டாக், ஹாபி ஸ்டாக், மினி ஸ்டாக், ஹார்னெட். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில், ஓர் அமெரிக்கக் கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் தடமாக அமைந்திருக்கும் போமன் கிரே அரங்கம் 1949 முதல், அமெரிக்க ஸ்டாக் கார் அமைப்பான நாஸ்காரின் பந்தயங்களை நடத்திவருகிறது. அங்கே தொடக்க வகுப்புக்கு ஸ்டேடியம் ஸ்டாக் என்று பெயர், அதில் ஓடுபவை நான்கு சிலிண்டர் கார்கள்.

இந்த வகுப்புகள் இருப்பதற்கான காரணமே மலிவு. சாலையில் ஓடித் தேய்ந்த பழைய ஹோண்டா சிவிக்கையோ ஷெவர்லே கவலியரையோ வாங்கி, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டு, சாதாரண வருமானம் உள்ள ஒருவர் பந்தயத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் விதிப்புத்தகத்தின் பெரும்பகுதி எழுதப்படுகிறது. எதையும் மாற்றாதே, எதையும் சேர்க்காதே என்று சொல்லும் அதே புத்தகம், பாதுகாப்புப் பகுதிக்கு வந்ததும் இதை வெட்டு, அதை வெல்டு செய், இதைப் புதிதாக வாங்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்டுநரைச் சுற்றி எஃகுக் குழாய்களால் கட்டும் ரோல் கேஜ், இருக்கை, பெல்ட், ஹெல்மெட், தீக்காப்பு உடை எல்லாவற்றையும் சேர்த்தால் செலவு அந்தக் காரின் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். ஒவ்வொரு கட்டாயப் பொருளும் வரக்கூடிய சில ஓட்டுநர்களைத் தடுத்துவிடும் என்று தடத்தை நடத்துபவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. அதனால்தான் தொடக்க வகுப்பு விதிகளில் 'கட்டாயம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'மிகவும் பரிந்துரைக்கப்படுகிறது' என்ற சொற்றொடரும் அடிக்கடி வருகிறது. ஒரு தடத்தின் விதிப்புத்தகத்தைப் படிப்பவர், எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் விழுந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

மெதுவான வகுப்புக்குக் குறைந்த பாதுகாப்புப் போதும் என்ற வாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால் மைல் தடத்தை 15 நொடியில் சுற்றினால் சராசரி வேகம் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் எல்லோரும் போகும் வேகம்தான். ஆனால் அந்த வேகத்தில் போகும் கார் கான்கிரீட் சுவரில் நேராக மோதி, முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 60 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். ஹெல்மெட்டோடு சேர்த்து ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள தலை, கழுத்தைக் கிட்டத்தட்ட 400 கிலோ எடையைப் போல இழுக்கும். பெரும்பாலான மோதல்கள் சாய்வாகவே நிகழ்கின்றன என்பதுதான் காப்பாற்றுகிறது. 20 பாகைச் சாய்வில் உரசும் கார், தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சுவருக்குள் செலுத்துகிறது. ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டாலோ வலது முன்சக்கரம் கழன்றாலோ அந்தச் சாய்வு கைவிட்டுப் போய்விடும். மேலும், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாகி 2002 மே மாதம் இண்டியானாபொலிஸில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட, எஃகுக் குழாயும் நுரையும் கொண்ட சேஃபர் தடுப்புச் சுவர் பெரிய தடங்களில் வழக்கமாகிவிட்டாலும், வாரப் பந்தயத் தடங்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் வெறும் கான்கிரீட்டோ இரும்புத் தடுப்போ மண் மேடோதான் இருக்கிறது. சுவர் விட்டுக்கொடுக்காத இடத்தில் காரும் அதனுள் இருக்கும் சாதனங்களும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ரோல் கேஜைப் பொறுத்தவரை தடங்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வெளிவிட்டம் 1.75 அங்குலம், சுவர்த் தடிமன் 0.095 அங்குலம் கொண்ட எஃகுக் குழாய் என்பது அமெரிக்க ஸ்டாக் கார் உலகில் ஏறக்குறைய பொதுவிதியாகிவிட்டது. தண்ணீர்க் குழாயாகப் பயன்படும் கால்வனைஸ் குழாய்க்கு அனுமதியில்லை. மரையிட்ட இணைப்புகளுக்கும் பித்தளைப் பற்றுக்கும்கூட அனுமதியில்லை. எல்லா மூட்டுகளும் முழுச் சுற்றும் வெல்டு செய்யப்பட்டிருக்க வேண்டும். கேஜின் கால்கள் மெல்லிய தரைத்தகட்டில் நேரடியாக நின்றால் மோதலில் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும் என்பதால், தனிச் சட்டகம் இல்லாத சிறு கார்களில் கால்களுக்கு அடியில் தடித்த எஃகுப் பட்டைகள் வைக்கப்பட வேண்டும்.

கதவுப் பக்கக் குழாய்களின் விதியில் நீள்வட்டப் பந்தயத்தின் இயல்பே தெரிகிறது. கார்கள் இடப்பக்கமாகவே திரும்புகின்றன. ஓட்டுநரும் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். கட்டுப்பாட்டை இழக்கும் கார் முதலில் தன் வலப்பக்கத்தால் வெளிச்சுவரில் மோதுவது வழக்கம். ஆனால் சுழன்று தடத்தின் குறுக்கே நின்றுவிட்ட காரின் இடப்பக்கக் கதவைப் பின்னால் வரும் இன்னொரு கார் இடிக்கும்போதுதான் ஓட்டுநருக்கும் மோதலுக்கும் நடுவே சில அங்குல இடைவெளி மட்டுமே எஞ்சுகிறது. அதனால்தான் ஓட்டுநர் பக்கக் கதவில் குறைந்தது மூன்று, பல தடங்களில் நான்கு குழாய்கள் கிடையாகச் செல்ல வேண்டும், அவற்றைச் செங்குத்துத் துண்டுகள் இணைக்க வேண்டும், வெளிப்புறத்தில் எட்டில் ஒரு அங்குலத் தடிமன் எஃகுத் தகடு பற்றவைக்கப்பட வேண்டும் என்றெல்லாம் விதிகள் கேட்கின்றன. குழாய்களை உள்நோக்கி வளைக்காமல் கதவின் வெளித்தோல் வரை தள்ளிக் கட்டச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

காரை உள்ளே காலியாக்குவது பற்றிய விதிகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. கண்ணாடிகள், கூரைத் துணி, கம்பளம், பிளாஸ்டிக் எல்லாம் வெளியே போக வேண்டும். காற்றுப்பைகளும் போக வேண்டும், ஏனெனில் பந்தயத்தில் சகஜமான ஓர் இடியில் அவை விரிந்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை இழந்துவிடுவார். கதவுகள் வெல்டு அல்லது போல்ட் செய்யப்பட வேண்டும். எஞ்சின் பக்கச் சுவரில் உள்ள ஒவ்வொரு துளையும் தகட்டால் மூடப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் புதியவர்கள் எளிதில் விட்டுவிடுகிறார்கள்: ஹீட்டரை எடுத்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும், தீ அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

கேஜ் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதனுள் ஓட்டுநர் ஓரிடத்தில் நிலையாக இருக்காவிட்டால் அது அவர் மோதிக்கொள்ளும் இன்னொரு இரும்பாகிவிடும். எனவே இருக்கையும் பெல்ட்டும்தான் இந்த விதிப்புத்தகத்தின் மையம் என்பது என் கருத்து. தொழிற்சாலை இருக்கையை அகற்றி அலுமினியப் பந்தய இருக்கையை வைக்க வேண்டும் என்று அநேகமாக எல்லாத் தடங்களும் சொல்கின்றன. அதை எதில் பொருத்துவது என்பதுதான் முக்கியம். தரைத்தகட்டில் போல்ட் போட்டால், மோதலில் தரை மடியும்போது இருக்கையும் சேர்ந்து நகரும். ஆனால் பெல்ட் கேஜில் கட்டப்பட்டிருக்கும். இருக்கை ஒரு பக்கமும் பெல்ட் ஒரு பக்கமும் இழுத்தால் நடுவில் சிக்குவது உடல். இருக்கையும் பெல்ட்டும் ஒரே கேஜ் கட்டமைப்பில் பொருத்தப்பட வேண்டும் என்ற விதியின் பொருள் இதுதான். வலப்பக்கச் சுவர் மோதலில் தலை முன்னோக்கியும் வலப்பக்கமாகவும் வீசப்படும் என்பதால், வலப்பக்கத் தலைத்தாங்கியும் விலாத்தாங்கியும் இல்லாத இருக்கையை நீள்வட்டத்துக்கு ஏற்றதாகக் கருத முடியாது.

பெல்ட் குறைந்தது ஐந்து முனைகளில் பிணைக்கப்பட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கால்களுக்கு நடுவே வரும் ஐந்தாவது பட்டை, உடல் முன்னோக்கி வழுக்கி இடுப்புப் பட்டைக்கு அடியில் நழுவாமல் தடுக்கிறது. தோள்பட்டைகள் தோளின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ பின்னால் கட்டப்பட வேண்டும். அவற்றைத் தரையில் கட்டினால், மோதலில் உடலைப் பின்னோக்கிப் பிடிப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தும்.

பெல்ட்டில் தைக்கப்பட்டிருக்கும் தேதிச்சீட்டுதான் பரிசோதனை வரிசையில் அதிகச் சண்டைக்குக் காரணமாகிறது. 1978இல் தொடங்கப்பட்ட எஸ்.எஃப்.ஐ. நிறுவனம் பந்தயச் சாதனங்களுக்கான தரங்களை வெளியிடுகிறது, அதன் 16.1 எண் தரத்தின்படி பெல்ட் தயாரிக்கப்பட்ட தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஜன்னல் வலைக்கான 27.1 தரத்துக்கும் அதே இரண்டு ஆண்டுதான். பார்வைக்குப் புதிதாக இருக்கும் பெல்ட்டை ஏன் தூக்கியெறிய வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில், பட்டையின் இழைகளைச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் வலுவிழக்கச் செய்கின்றன, தூசும் மணலும் உள்ளிருந்து அறுக்கின்றன என்பதே. கண்ணாடி இல்லாத கார் வாரம் முழுவதும் கொல்லைப்புறத்தில் வெயிலில் நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கெடு அவ்வளவு கண்டிப்பாகத் தோன்றாது. சில தடங்கள் தொடக்க வகுப்புக்கு மட்டும் மூன்று, ஐந்து ஆண்டுகள் என்று தளர்வு தருகின்றன. செலவைக் குறைக்கச் சரியான இடம் இதுவல்ல.

தலைக்கும் கழுத்துக்குமான காப்புச் சாதனத்தின் வரலாறு, விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு நல்ல சான்று. 1981இல் ஒஹாயோவின் மிட்-ஒஹாயோ தடத்தில் பாட்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் இறந்தபோது, அவரது நண்பரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரிவிசையியல் பேராசிரியராக இருந்த தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் மோதலில் தலையையும் கழுத்தையும் காக்க வழி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஹேன்ஸ். தோளில் அமரும் ஒரு நுகம், அதன் மேல் பெல்ட்டின் தோள்பட்டைகள், நுகத்திலிருந்து ஹெல்மெட்டுக்குச் செல்லும் இரு பட்டைகள்; உடல் நிற்கும்போது தலையும் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதைப் பெரும்பாலான ஸ்டாக் கார் ஓட்டுநர்கள் பொருட்படுத்தவில்லை. 2000 மே மாதம் ஆடம் பெட்டி, ஜூலையில் கென்னி இர்வின், அக்டோபரில் டோனி ரோப்பர், 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் என நாஸ்கார் ஓட்டுநர்கள் நால்வர் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு பற்றிய பேச்சை நாடெங்கும் எழுப்பிவிட்டு இறந்தார்கள். அதன் பிறகும், 2001 அக்டோபரில் சார்லட்டில், ஆர்க்கா என்ற மற்றொரு ஸ்டாக் கார் தொடரின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் இறந்த பின்னரே நாஸ்கார் தன் தேசியத் தொடர்களில் இச்சாதனத்தைக் கட்டாயமாக்கியது.

வாரப் பந்தயத் தடங்களில் பல அதற்கு நெடுங்காலம் கழித்துத்தான் அதே முடிவுக்கு வந்தன. கீழ் வகுப்புகளில் இன்னும் பரிந்துரையாக மட்டும் வைத்திருக்கும் தடங்களும் உண்டு. எஸ்.எஃப்.ஐ. 38.1 முத்திரை பெற்ற சாதனம் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மறுசான்றுக்கு அனுப்ப வேண்டும். கழுத்தைச் சுற்றி அணியும் நுரை வளையத்தை இதற்கு மாற்றாகக் கருதக் கூடாது: அது கழுத்துச் சோர்வைக் குறைக்கும், முறிவைத் தடுக்காது. ஹேன்ஸ் வேலை செய்ய வேண்டுமானால் தோள்பட்டைகள் சரியான கோணத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும், அதற்கு இருக்கை நகராமல் இருக்க வேண்டும், அதற்குக் கேஜ் நிலைத்திருக்க வேண்டும். ஒன்றைக் கட்டாயமாக்கி மற்றொன்றை விருப்பத்துக்கு விடும் விதிப்புத்தகம் பணத்தைச் செலவழிக்க வைத்துவிட்டுப் பலனைத் தவறவிடுகிறது.

ஹெல்மெட்டில் புதியவர்கள் செய்யும் தவறு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்து வருவது. 1956இல் பந்தயத்தில் இறந்த பீட் ஸ்னெல்லின் நினைவாக மறு ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை, எம் என்ற தரத்தை மோட்டார் சைக்கிளுக்கும் எஸ்.ஏ. என்ற தரத்தைக் கார் பந்தயத்துக்கும் வழங்குகிறது. எஸ்.ஏ. ஹெல்மெட் தீப்பற்றும் சோதனைக்கும், கேஜ் குழாயில் இடிப்பதை ஒத்த சோதனைக்கும் உட்படுத்தப்படுகிறது; மற்றதற்கு அவை இல்லை. தரம் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு எஸ்.ஏ. 2015, 2020, 2025 என்று ஆண்டோடு வழங்கப்படுகிறது. நடப்புத் தரத்தையும் அதற்கு முந்தையதையும் ஏற்பது தடங்களின் வழக்கம்.

தீயைப் பற்றிய விதிகளுக்குப் பின்னாலும் ஒரு பெயர் இருக்கிறது. 1964 மே 24 அன்று சார்லட்டில் நடந்த 600 மைல் பந்தயத்தில் ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. ஜூலை 2 அன்று அவர் இறந்தார். ரப்பர் பையும் நுரையும் கொண்ட ஃப்யூயல் செல் என்ற எரிபொருள் தொட்டி பரவியதில் அந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய பெரிய அமெரிக்க செடான்களில் எரிபொருள் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால், அதாவது அடுத்த கார் வந்து இடிக்கும் இடத்திலேயே இருந்தது. அதனால் ஸ்ட்ரீட் ஸ்டாக் வகுப்புகளில் ஃப்யூயல் செல் பெரும்பாலும் கட்டாயம். முன்சக்கர இயக்கச் சிறு கார்களில் தொட்டி பின் அச்சுக்கு முன்னால், பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் அதை அப்படியே விட்டுவைக்கப் பல தடங்கள் அனுமதிக்கின்றன. செலவைக் குறைக்கும் ஒரு தளர்வு பொறியியல் காரணத்தோடும் பொருந்தி வரும் அரிய இடம் இது. எலக்ட்ரிக் பம்ப் உள்ள கார்களில், எஞ்சின் நின்றதும் பம்பும் தானாக நின்றுவிட வேண்டும் என்ற விதியும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டியது.

தீக்காப்பு உடையின் முத்திரையில் உள்ள எண் பலருக்கும் புரிவதில்லை. எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 என்றால், சோதனைத் தீயில் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட மூன்று நொடி, 3.2ஏ/5 என்றால் 10 நொடி. ஒற்றை அடுக்கு உடை பெரும்பாலும் முதல் வகை, தொடக்க வகுப்புகள் பலவற்றில் அதுவே போதும் என்கிறார்கள். பெல்ட்டை அவிழ்த்து, ஸ்டியரிங்கைக் கழற்றி, ஜன்னல் வலையை இறக்கி, வெல்டு செய்த கதவின் ஜன்னல் வழியாக வெளியேற மூன்று நொடி போதுமா என்பதை ஒவ்வொருவரும் நின்ற காரில் அமர்ந்து சோதித்துப் பார்க்கலாம். எஸ்.எஃப்.ஐ. 3.3/5 முத்திரையுள்ள கையுறையையும் காலணியையும் பரிந்துரைப் பட்டியலில் வைப்பதும் எனக்கு விளங்காத ஒன்று. பெல்ட்டை அவிழ்க்க வேண்டியது அந்தக் கைகள்தானே. உள்ளே நைலான் பனியன் அணிந்தால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் பல விதிப்புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

ஜன்னல் வலையும் ஒரு விபத்தின் விளைவே. 1970இல் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவரது கை ஜன்னலுக்கு வெளியே தொங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகே நாஸ்கார் வலையைக் கட்டாயமாக்கியது. வலையின் கொக்கி மேற்புறத்தில் இருக்க வேண்டும், விடுவித்தால் வலை கீழே விழ வேண்டும். மோதலுக்குப் பிறகு ஓட்டுநர் வலையை இறக்கினால் அவர் நலமாக இருக்கிறார் என்று மீட்புக் குழு புரிந்துகொள்கிறது. இறங்காத வலையை நோக்கி அவர்கள் ஓடுகிறார்கள்.

சிறிய விதிகள் சில வெளியாருக்கு வினோதமாகத் தெரியும். பின்சக்கர இயக்கக் கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டுக்கு வெள்ளை வண்ணம் பூச வேண்டும்: இரவில் அது கழன்று தடத்தில் கிடந்தால் தெரிய வேண்டும். எடைக்கட்டிகளுக்கும் வெள்ளைதான், அவற்றில் கார் எண்ணும் எழுதப்பட வேண்டும். ரேடியேட்டரில் கூலன்ட் கூடாது, வெறும் தண்ணீர்தான். கூலன்டில் உள்ள கிளைகால் என்ற வேதிப்பொருள் சிந்தினால் தடம் வழுக்கும், துடைத்தெடுக்க நேரம் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மூடும் சுருள்வில்கள் இரண்டு இருக்க வேண்டும், எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் பெல்ட் கட்டிய நிலையிலும் கைக்கு எட்ட வேண்டும். ஆடம் பெட்டியும் கென்னி இர்வினும் நியூ ஹாம்ப்ஷர் தடத்தின் ஒரே வளைவில் இறந்தபோது ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்றே கருதப்பட்டது, அதன் பின் நாஸ்கார் ஸ்டியரிங்கிலேயே ஒரு நிறுத்து சுவிட்சை வைக்கச் சொன்னது. இடப்பக்கமாகவே திரும்பும் காரில் சுமையில் பெரும் பங்கு வலது முன்சக்கரத்தின் மேல் விழுவதால், அங்கே வலுவூட்டிய எஃகுச் சக்கரம் பல தடங்களில் கட்டாயம்.

தடத்தில் நடந்துகொள்ளும் விதிகளில் இரண்டு மட்டும் இங்கே போதும். அதிகாரிகளின் அறிவிப்பைக் கேட்கும் ஒருவழி ரேடியோ இல்லாமல் பல தடங்களில் யாரும் களமிறங்க முடியாது. முன்னால் விபத்து நடந்திருப்பதை மஞ்சள் கொடி கண்ணில் படுவதற்கு முன்பே அது காதில் சொல்லிவிடும். தீ இல்லாத வரை காரை விட்டு இறங்கக் கூடாது என்பது மற்றொன்று. 2014 ஆகஸ்ட் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் கனன்டெய்குவா தடத்தில், ஸ்பிரின்ட் கார் பந்தயமொன்றில் காரிலிருந்து இறங்கித் தடத்தில் நடந்த கெவின் வார்டு ஜூனியர் மற்றொரு கார் மோதி இறந்தார். ஆறு நாளில் நாஸ்கார் விதியை எழுத்தில் கொண்டுவந்தது, உள்ளூர்த் தடங்களும் பின்பற்றின.

இத்தனைக்கும் பிறகு, பந்தய நாளில் நடக்கும் பரிசோதனை எதைக் காண முடியும் என்ற கேள்வி எஞ்சுகிறது. முத்திரையையும் தேதியையும் பார்க்கலாம். குழாயில் போட்டுவைத்த சிறு துளை வழியாகத் தடிமனை அளக்கலாம். வெல்டு உள்ளே எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்பதை வண்ணம் பூசிய கேஜில் யாராலும் பார்க்க முடியாது. அமெரிக்கத் தடங்களின் விதிப்புத்தகங்கள், இவ்விதிகள் குறைந்தபட்சத் தேவைகள் மட்டுமே, இவற்றைப் பின்பற்றுவது பாதுகாப்புக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகின்றன. வழக்கறிஞர்களுக்காக எழுதிய வாசகம் என்றாலும் உண்மையும் அதுதான். எனவே முந்தைய பருவத்தில் ஓடிய காரைக் கேஜோடும் பெல்ட்டோடும் மலிவாக வாங்கும் புதியவர், போன ஆண்டு பரிசோதனையில் தேறியது என்ற சொல்லை நம்பி நிறுத்திவிடாமல், மூட்டுகளின் வண்ணத்தைச் சுரண்டி வெல்டைப் பார்க்க வேண்டும், இருக்கையின் போல்ட்டுகள் எதைப் பிடித்திருக்கின்றன என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், பெல்ட்டின் தேதிச்சீட்டைப் படிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட் என்றால் தேதி மிச்சம் இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும்.